ஒன்றரை மடங்கு நேரம்

1

இந்தக் குறிப்பை நான் சொல்லச் சொல்ல என் மனைவி சரோஜா எழுதுகிறாள். நடுவில் அவளுக்குப் பிடிக்காத வாக்கியம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவாள். அப்படி நாலைந்து இடங்களில் எங்களுக்குள் சண்டை நடந்துவிட்டது. அதற்குப் பிறகும் தப்பி நின்ற வாக்கியங்கள்தான் நீங்கள் படிக்கப் போவது.

ஏன் நானே எழுதவில்லை என்று கேட்பீர்கள். நானே எழுதினால் இந்த அளவுக்கு ஒரு மாதம் பிடிக்கும். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க இன்னொரு மாதம். இதை வெளியில் சொல்ல எனக்கு முப்பத்து நான்கு வயது ஆகவேண்டியிருந்தது. அதற்கு முன்னால் விருத்தாசலத்தில் பதினொரு வருடப் பள்ளிக்கூடம், மூன்று வருடப் பீங்கான் தொழில் டிப்ளமோ, இரண்டு தொழிற்சாலைகளில் வேலை, ஒரு கல்யாணம், ஒரு விமானப் பயணம் என்று அத்தனையையும் யாரிடமும் சொல்லாமலே ஒப்பேற்றிவிட்டேன். சரோஜாவுக்கே கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியும். பேப்பர் படிக்கச் சோம்பல்படுகிற புருஷன் என்று நினைத்திருந்தாளே தவிர, படிக்க முடியாத புருஷன் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து இந்த வாரத்தோடு எட்டு வருடம் முடிகிறது. ஒஹையோ மாநிலத்தில் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். இங்கேயும் பீங்கான்தான். தட்டு, கோப்பை, குளியலறைத் தொட்டி. சூளை கட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆள் தேவை என்று எடுத்தார்கள். காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலைக் கதவைத் திறந்தால் ஈரக் களிமண் வாசனை மூக்கில் ஏறும். நம் ஊரில் ரயிலடியைத் தாண்டி, பொம்மையும் ஜாடியும் செய்கிற பட்டறைகளின் பக்கம் போனால் வருகிற அதே வாசனை. அப்பா அங்கே ஒரு பட்டறையில்தான் இருந்தார். காய்ந்த பொம்மைகளை மண்பெட்டிகளில் அடுக்கி, எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவான அந்தப் பெரிய சூளைக்குள் ஏற்றுவது அவர் வேலை. வாசனை ஒன்றுதான். வெளியே வந்தால் முழங்கால் உயரத்துக்குப் பனி.

2

போன வருடம் மகள் செல்வியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. செல்விக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் சாலி. ஒரு டீச்சருக்கு வாயில் நுழையாமல் அப்படிக் கூப்பிட, மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இப்போது வீட்டில் செல்வி என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்க்கிறாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். சரோஜா இதற்காக அழுதிருக்கிறாள். இந்த வரிக்குத்தான் முதல் சண்டை.

கடிதத்தில் இருந்த விஷயம் இது. செல்வி சொல்வதையெல்லாம் புரிந்துகொள்கிறாள், வாய்க்கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் திணறுகிறாள். ஒரு மனநல நிபுணர் அவளைச் சோதித்துப் பார்க்கப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். சரோஜா படித்துக் காட்டியவள், மனநலம் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். நம் பக்கத்தில் தலைக்கு வைத்தியம் என்று ஒருவரைக் கூட்டிப்போனால் தெருவே ஒரு மாதிரியாகப் பார்க்கும். பெண்பிள்ளையாயிற்றே, நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று சரோஜா கவலைப்பட்டாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒஹையோவில் உட்கார்ந்துகொண்டு.

சோதித்தவர் டாக்டர் மார்கரெட். அறுபது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர். எங்கள் ஊரில் அந்தப் பெயரில் ஒரு தையல் டீச்சர் இருந்ததால் மனசுக்குள் நான் மார்கரெட் அம்மாள் என்றுதான் சொல்லிக்கொள்வேன். செல்விக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை, சராசரிக்கு மேலேயே இருக்கிறது, ஆனால் எழுத்தை அடையாளம் காண்கிற வழியில் மட்டும் ஒரு தடங்கல் இருக்கிறது என்றார். சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை, பிறவியிலேயே இருப்பது, குடும்பத்தில் வருவதும் உண்டு என்றார். பிறகு ஒரு தாளை என்னிடம் நீட்டி, படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

இந்த மாதிரி நேரத்துக்கென்று என்னிடம் ஒரு பதில் உண்டு. இருபது வருடமாகக் கைகொடுத்த பதில். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

மார்கரெட் அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். உங்கள் மூக்கில் கண்ணாடி போட்ட தடமே இல்லையே என்று மெதுவாகச் சொன்னார்.

சரோஜா சுவரைப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவரிடம் மாட்டிக்கொண்டதற்காக வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு நிம்மதி வந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரீட்சையையும் சொன்னேன்.

3

பரீட்சை என்பது இந்த மாநிலத்தில் பொறியாளர் உரிமம் வாங்குவதற்கான பரீட்சை. நான் சூளைக்கு வரைபடம் போடலாம், கட்டலாம், அதன் முன்னால் நின்று வேர்வை சிந்தலாம். வரைபடத்தின் அடியில் கையெழுத்துப் போட உரிமம் வேண்டும். பல வருட அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு என்னைப் பரீட்சைக்கு உட்கார அனுமதித்தார்கள். இரண்டு முறை உட்கார்ந்து இரண்டு முறையும் தோற்றேன்.

எட்டு மணி நேரப் பரீட்சை. நம் ஊர்ப் பரீட்சையில் கேள்வி ஒரு வரிதான், பிழையோடு எழுதினாலும் கணக்கும் படமும் காப்பாற்றிவிடும்; இங்கே ஒவ்வொரு கேள்வியும் அரைப் பக்கம். முதல் தடவை பாதிக் கேள்வியைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டாவது தடவை அவசரப்பட்டு, படிக்காத கேள்விக்கெல்லாம் உத்தேசமாகக் கோடு போட்டேன். படித்து முடித்த கேள்விகளில் தப்பு ஏறக்குறைய இல்லை. படித்து முடித்த கேள்விகள்தான் இல்லை.

தொழிற்சாலை மேலாளர் நல்ல மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பதமாகச் சொன்னார். மூன்றாவது முறையும் போய்விட்டால் உரிமம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், சூளைப் பிரிவில் இரண்டு பேருக்கு இடமில்லை என்றார். இந்த ஊரில் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இதைக் கேட்டுவிட்டு மார்கரெட் அம்மாள் சொன்னதை நான் மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். உடலிலோ புலனிலோ படிப்பதிலோ குறை உள்ளவர்களைத் தள்ளிவைக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சமீபத்தில் சட்டம் வந்திருக்கிறது. உங்களைச் சோதித்து, குறை உண்மைதான் என்று நான் அறிக்கை கொடுத்தால், பரீட்சை நடத்துகிறவர்கள் கூடுதல் நேரம் கொடுக்கலாம், கேள்வியை வாசித்துக் காட்ட ஒரு ஆளும் கொடுக்கலாம். கேள்வி மாறாது, மதிப்பெண்ணில் சலுகை கிடையாது. நேரம் மட்டும்.

பரீட்சையில் மணி அடித்தால் தாளைப் பிடுங்குவார்கள் என்பது எனக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. மனுஷனுக்குத் தகுந்தபடி மணியைத் தள்ளி அடிப்பார்கள் என்று ஒருவர் சொன்னால் நம்பவா முடிகிறது? பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது பிரமை பிடித்தவன் மாதிரி வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

4

சோதனை இரண்டு நாள் நடந்தது. ஒரு பெட்டி நிறையச் சாமான்கள். வண்ணக் கட்டைகள், படங்கள், அட்டைகள், ஒரு நிறுத்துக் கடிகாரம்.

கட்டைகளை அவர் காட்டிய மாதிரியே அடுக்கச் சொன்னார். கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அவர் கடிகாரத்தை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார். எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அட்டையில் இருந்த எண்கள் தீர்ந்துபோயின. படங்களைக் காட்டி இதில் என்ன குறைகிறது என்று கேட்டார். ஒரு படத்தில் வீடு, மூடிய கதவு, உள்ளே மேஜையைச் சுற்றி ஆட்கள் இருப்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. வாசலில் செருப்பு இல்லை என்றேன். உள்ளே இத்தனை பேர் இருக்கும்போது வாசலில் ஒரு ஜோடிகூட இல்லாமல் எப்படி? மார்கரெட் அம்மாள் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கதவில் கைப்பிடி இல்லை என்பதுதான் விடையாம். என் விடையைத் தப்பு என்று போட மனம் வரவில்லை என்று சொல்லி, ஓரத்தில் தனியாக எழுதிவைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் வாசிக்கச் சொன்னார். அதைப்பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. செல்வி வயதுக் குழந்தைகள் வாசிக்கிற பத்தி அது. முடிப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

சூளைக்குள் பொருள்களோடு ஒரு சின்ன மண்கூம்பை வைப்போம். சூடு சரியான அளவுக்கு வந்ததும் அதன் நுனி வளைந்து தலை குனியும். எரிகிற சூளைக்குள் யாரும் போய்ப் பார்க்க முடியாது, துவாரத்தின் வழியாக அந்தக் கூம்பைப் பார்த்துத்தான் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வோம். மார்கரெட் அம்மாள் என் தலைக்குள் அப்படி ஒன்றை வைத்து எட்டிப் பார்த்தார். கடைசியில் அவர் சொன்ன வார்த்தையைச் சரோஜாவிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. உங்களுக்கு மிக உயர்ந்த அறிவு என்றார். முப்பத்து மூன்று வருடமாக நான் ஒரு மக்கு, அதை யாருக்கும் தெரியாமல் மறைக்கிற சாமர்த்தியம் மட்டும் உள்ள மக்கு என்றே நினைத்து வாழ்ந்திருக்கிறேன். கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

5

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு பகுதி இருந்தது. இந்தக் குறை சிறு வயது முதலே இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். வயதான பிறகு பரீட்சைக்காக ஒருவர் குறையை ஜோடித்துக்கொள்ளக் கூடாது அல்லவா, நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும் என்றார் மார்கரெட் அம்மாள். கெடுவுக்கு மூன்று மாதம் இருந்தது.

அப்பாவுக்கு எழுதினோம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சரியாகப் படிக்க வராது, அதை உறுதிப்படுத்திப் பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள், இங்கே என் தலையைச் சோதித்த டாக்டர் கேட்கிறார். இதற்குமேல் தெளிவாக எழுத முடியாது என்று நினைத்தோம்.

ஐந்து வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு கனமான உறை வந்தது. மேலே அப்பாவின் கடிதம்.

"தம்பி, ஒனக்கு அங்க யாரு வேண்டாதவன்? ஒன் தலையில குத்தம் இருக்குன்னு எவன் கெளப்பி வுட்டான்? நீ ஒண்ணும் பயப்படாத. நம்ம ஊரே ஒன் பக்கம் இருக்குது. எல்லார்கிட்டயும் எழுதி வாங்கிட்டேன்."

உண்மையிலேயே எல்லாரிடமும் வாங்கியிருந்தார். நான் ஒழுக்கத்தில் சிறந்தவன், படிப்பில் முதல்வன் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். பட்டறை முதலாளி என் கூர்மையான புத்தியைப் பற்றி எழுதியிருந்தார். எங்கள் தெருக் கம்பவுண்டர், என் தலையைப் பார்க்காமலேயே அது பூரண ஆரோக்கியத்துடன் உள்ளது என்று ஊதா மையில் முத்திரை குத்தியிருந்தார். வேலைக்கோ கல்யாணத்துக்கோ விசாரிக்க ஆள் வந்தால் ஊர் எப்படிப் பேசுமோ அப்படிப் பேசியிருந்தது. ஒரு பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அவனுக்கு நல்லது நடக்கும் என்பதை அவர்களில் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லையே.

சரோஜா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். தலைமையாசிரியரின் கடிதத்தில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டுவிட்டது. இம்மாணவன் தினமும் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் செய்தி வாசிப்பான்.

இதைக் கொடுக்க வேண்டாம், ஒளித்து வைத்துவிடுங்கள் என்றாள். இரண்டு நாள் ஒளித்தும் வைத்தேன். ஆனால் என்னை உள்ளபடி பார்த்த ஆளிடம் மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன்.

6

தலைமையாசிரியர் பொய் எழுதவில்லை. நான் வாசித்தது நிஜம். ஒவ்வொரு மாலையும் ஆசிரியர் ஐந்து செய்திகளை ஒரு நோட்டில் எழுதி என்னிடம் கொடுப்பார். குரல் நன்றாக இருக்கிறது என்று என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். நோட்டு வீட்டுக்கு வரும். காலையில் அதைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை வரி வரியாக ஓட்டிக்கொண்டு, மனப்பாடமாக ஒப்பிப்பேன். பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பக்கூட மறந்ததில்லை. ஒரு தடவை நோட்டு தலைகீழாக இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்றைக்கு ஊரை ஏமாற்றிய சாமர்த்தியம் இன்றைக்கு எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றது.

மார்கரெட் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நோட்டு வீட்டுக்கு வந்தது, சரி. அதை உங்களுக்குப் படித்துக் காட்டியது யார்?

இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் முதலில் அப்பாவுக்கு எழுதினேன்.

என் தங்கை தனலட்சுமி. எங்களுக்குத் தனம். என்னைவிட மூன்று வயது சின்னவள். நான் எட்டாவது படிக்கும்போது அவள் ஐந்தாவது. அப்போதே என் பாடப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் படிப்பாள், எனக்கு அது தலையில் நின்றுவிடும். அவளுக்குப் புரியாததை நான் விளக்குவேன். பார்க்கிறவர்கள் அண்ணன் தங்கச்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான் என்று நினைத்தார்கள். தெருவில் எனக்கு அதற்கு வேறு நல்ல பெயர். டிப்ளமோவில் புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். அர்த்தம் தெரியாமல் எழுத்துக்கூட்டி அவள் சொல்ல, எழுத்தைப் பார்க்காமல் அர்த்தத்தை நான் சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டிப்ளமோ வாங்கினோம். பட்டம் என் பெயரில் வந்தது.

இது மட்டும் என்றால் நான் அவளுக்கு எப்போதோ எழுதியிருப்பேன். தனம் எட்டாவதில் அரையாண்டுப் பரீட்சை முடித்தபோது அவளுடைய டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வகுப்பிலேயே முதல் மாணவி, ஒன்பதாவதில் சேர்த்துவிடுங்கள், நிறுத்தாதீர்கள் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். வயசுக்கு வந்த பெண்ணை ரயிலடி தாண்டி அனுப்புவதா என்று அப்பா யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அப்போது பதினொன்றாவது, கடைசி வருடம். "நீ என்ன சொல்ற தம்பி? ஒன் தங்கச்சி மேல படிக்கணுமா?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், சேர்த்திருப்பார். படித்த பிள்ளை என்று என் பேச்சுக்கு வீட்டில் மரியாதை உண்டு. ஆனால் அவள் ஒன்பதாவது போனால் அவளுக்கே வீட்டுப்பாடம் இருக்கும். எனக்கு யார் படித்துக் காட்டுவார்கள்? நான் தரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்பா என் மௌனத்தை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். தனம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மார்கரெட் அம்மாளிடம் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லவில்லை. தங்கைக்கு எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

7

தனத்தைச் சேத்தியாத்தோப்பில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை விவசாயம், கூடவே நெல் வியாபாரம். இரண்டு பிள்ளைகள். அவளுடைய பதில் நான்கு வாரத்தில் வந்தது. கெடுவுக்குப் பத்து நாள் பாக்கி. கம்பவுண்டர் முத்திரை எதுவும் இல்லை, நோட்டிலிருந்து கிழித்த தாளில் இரண்டு பக்கம்.

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்க அண்ணனுக்கு எழுத்து கண்ணுல நிக்காது. காதுல வுழுந்தா போவாது. ஒரு வரியப் படிச்சிட்டு அடுத்த வரிக்கு வர்றப்ப, திரும்ப அதே வரிக்கே போயிடுவாங்க. நான் காலண்டர் அட்டைய நறுக்கி வரிக்குக் கீழ வச்சுக் குடுப்பேன். அட்டை இருந்தா பத்து வரி போவும். அதுக்கு மேல கண்ணுல தண்ணி வந்துடும். சின்னச் சின்ன வார்த்தையத்தான் மாத்திப் படிப்பாங்க, பெரிய வார்த்தைய மாத்த மாட்டாங்க. சாயங்காலத்தவிட காலையில கொஞ்சம் நல்லா வரும். யாராச்சும் பாத்துக்கிட்டு இருந்தா சுத்தமா வராது. அண்ணனுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லீங்க. படிக்கறது மட்டுந்தான் வராது. நான் எட்டாவதோட நின்னுட்டேன். ஆனா அண்ணன் படிச்ச பொஸ்தகம் அத்தனையும் நானும் படிச்சிருக்கேன். பரீட்சை மட்டுந்தான் எழுதல."

சரோஜா இதை வரிக்கு வரி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். மார்கரெட் அம்மாள் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். என் சோதனைத் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பது வருடப் படிப்பும் இரண்டு நாளும் ஒரு பெட்டிச் சாமானும் தேவைப்பட்டன என்றார். இந்தப் பெண்ணுக்கு அப்போது என்ன வயது? பத்து என்றேன். இப்போது என்ன செய்கிறாள்? மாடு இருக்கிறது, நெல் அவிக்கிறாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்றேன். அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. இதற்கு முன் இந்தக் குறைக்காகப் பெற்ற உதவிகள். அங்கே இல்லை என்று போடுவதுதான் வழக்கமாம். மார்கரெட் அம்மாள் அந்தக் கட்டத்தில் தன் கையால் எழுதினார். ஆம், பல ஆண்டுகள், தினமும். உதவியவர், தங்கை. அதைத் தட்டச்சு செய்ய அவர் விடவில்லை.

எனக்கு அனுமதி கிடைத்தது. ஒன்றரை மடங்கு நேரம், வாசித்துக் காட்ட ஒரு ஆள்.

பரீட்சையை ஒரு சின்ன அறையில், நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாளுடன் எழுதினேன். அவருக்குச் சூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெப்ப இழப்பு, சுவர்க் கனம் என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்துக்கொண்டே போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து தலைக்குள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. இவ்வளவுதானா, இத்தனை நாளும் இவ்வளவுதானா என்று ஆச்சரியத்தில் ஒரு தடவை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கேள்வி புரியவில்லையாக்கும் என்று மறுபடியும் வாசித்தார். முடித்துவிட்டுப் பார்த்தால் கொடுத்த கூடுதல் நேரத்தில் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, தேர்ச்சி பெற்றுவிட்டதாகக் கடிதம் வந்தது. செல்வியைப் படிக்கச் சொன்னோம். திக்கித் திக்கி, நாங்கள் அவசரப்படுத்தாமல் இருக்க, அவளே முழுவதும் படித்தாள்.

8

தேர்ச்சியைத் தனத்துக்குச் சரோஜாவை விட்டு எழுதச் சொன்னேன். அதற்கு அவள் போட்ட பதில் போன மாதம் வந்தது. தேர்ச்சி பெற்றதில் ரொம்பச் சந்தோஷம் என்று ஆரம்பித்து, மழை, மாடு, பிள்ளைகளுக்கு வந்த அம்மை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்.

"ஒன்னரை மடங்கு நேரம் குடுத்தாங்கன்னு அண்ணி எழுதியிருந்தாங்க. ஒரு ஆளுக்காக நேரத்தைத் தள்ளி வக்கிறாங்களேன்னு எனக்கு ரொம்ப அதிசயமா இருந்துச்சு. டாக்டரம்மாவுக்கு எழுதறப்பதான் எனக்கே தெரிஞ்சுது, நான் எம்புட்டு படிச்சிருக்கேன்னு. அதனால ப்ரைவேட்டா எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம்னு இருக்கேன் அண்ணே. வயசு முப்பத்தி ஒண்ணு ஆவுது, பரவாயில்ல. எங்க வூட்டுக்காரரு வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. உங்க பேச்சுன்னா கேப்பாங்க. அன்னிக்கு அப்பா கேட்டப்ப நீங்க சும்மா இருந்தீங்க. ஏன் இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். இந்தத் தடவ சும்மா இருக்காதீங்க."

சரோஜா படித்து நிறுத்தினாள். அப்பா எதைக் கேட்டார் என்று என்னைப் பார்த்தாள். அன்றுதான் அவளிடம் அதையும் சொன்னேன்.

தெரியும் என்று எழுதியிருக்கிறாள். தெரிந்தேதான் அடுத்த நாள் என் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்தேதான் இன்னும் மூன்றரை வருடம், எழுத்துக்கூட்டி, அர்த்தம் தெரியாத இங்கிலீஷை எனக்காகப் படித்திருக்கிறாள். பரீட்சைச் சட்டத்தைக் கண்டு வாயைப் பிளந்தவன் நான். அதைவிடப் பெரிய ஒன்று என் வீட்டுக்குள் இருந்திருக்கிறது, அதைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளைக்கு எழுத உட்கார்ந்தேன். நான் எழுதித் தரட்டுமா என்று சரோஜா கேட்டாள். இதை மட்டும் நானே எழுதுகிறேன் என்றேன். நான்கு வரிக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்று தாள் கிழிந்தது. எழுத்துப் பிழை நிறைய இருக்கும், மாப்பிள்ளை கூட்டிப் படித்துக்கொள்வார். தபாலில் போட்டதை அப்படியே இங்கே சொல்கிறேன்.

"மாப்பிள்ளை, தனத்தைப் பரீட்சை எழுத விடுங்க. இதை நான் பதினெட்டு வருசத்துக்கு முன்னாடி எங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. அவ மேல படிச்சா எனக்குப் படிச்சுக் காட்ட ஆள் இருக்காதுன்னு சும்மா இருந்தேன்."